நம்ம பேர் ஏறிய நோட்டு



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னாங்க. "நம்ம ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்திலிருந்து எப்படிப் பிழைச்சு வந்தாங்கன்னு எழுது" என்றாங்க. வரலாறு என்றால் ராஜா, சண்டை, வருஷம் என்று பத்தாவது வரைக்கும் படிச்சதுதான் எனக்குத் தெரியும். நாம கடன் வாங்கி, கைமாத்து வாங்கி, களை வெட்டிப் பிழைச்சதுக்கு என்ன வரலாறு இருக்கப் போகுது என்று முதலில் தயங்கினேன்.

பிறகு எங்க அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கேட்டேன். அவங்க ஒன்றும் சொல்லாமல் பரண் மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கினாங்க. உள்ளே பழைய மொய் நோட்டு ஒன்று, நூல் கட்டிய சீட்டு அட்டை ஒன்று, எங்க குழுவோட முதல் தீர்மானப் புத்தகம் ஒன்று. நாலு நாள் சாயங்காலம் அந்த மூணையும் வெச்சுக்கிட்டு அத்தை சொல்லச் சொல்லக் கேட்டேன். நோட்டில் ஏறாத கணக்கும் நிறைய இருந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எழுதாத கணக்கு

நாங்க இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், கீரமங்கலத்துக்கு அக்கம்பக்கம். இப்போ தென்னை, வாழை, மல்லிகை என்று பச்சையாத் தெரியும். அத்தை கல்யாணம் ஆகி வந்தப்போ ஏரித் தண்ணியை நம்பின ஊர். மழை பெஞ்சா நடவு, இல்லைன்னா கடலையும் வரகும். வருஷத்தில் பாதி நாள் கையில் காசு இருக்காது. ஆனாலும் அடுப்பு எரிஞ்சது. எப்படி எரிஞ்சதுன்னா, பக்கத்து வீட்டு அடுப்பை வெச்சுத்தான்.

அரிசி இல்லைன்னா அரைப்படி இரவல் வாங்குவாங்க. அதுக்கு ஒரு முறை இருந்தது. வாங்கும்போது தலைதட்டி வாங்கணும், திருப்பும்போது கோபுரமாக் குவிச்சுக் கொடுக்கணும். வட்டி என்று யாரும் சொல்லமாட்டாங்க. கொடுத்தவங்க திருப்பிக் கேட்கவும் மாட்டாங்க. ஆனா ரெண்டு தடவை திருப்பாதவங்க மூணாவது தடவை வந்தா "நானே இப்பத்தான் உலை வெக்க அரிசி பார்க்கிறேன்" என்று பதில் வரும். அவ்வளவுதான் தண்டனை. அதுக்கே எல்லாரும் பயந்தாங்க.

வேலையிலும் இப்படித்தான். நம்ம வயலில் களை எடுக்க நாலு பேர் வந்தா, அந்த நாலு பேர் வயலுக்கும் நாம ஒவ்வொரு நாள் போகணும். மாத்தாள் என்று சொல்லுவாங்க. கூலி கொடுக்கக் காசு இல்லாத வீடுகள் அப்படித்தான் வெள்ளாமை செஞ்சாங்க. வசதியுள்ளவங்க ஒரு பெட்டை ஆட்டை வாரத்துக்கு விடுவாங்க. நாம வளர்க்கணும், போடுற குட்டியில் பாதி அவங்களுக்கு, பாதி நமக்கு. எங்க வீட்டில் ஆடு வந்தது அப்படித்தான்.

கூலி வேலை கிடைக்கவும் ஆள் தெரிஞ்சிருக்கணும். நடவுக்கோ கடலை ஆயவோ ஆள் வேணும்னா, நிலத்துக்காரர் வீடு வீடா வரமாட்டார். தெருவில் ஒரு அக்காவிடம் சொல்லுவார். அந்த அக்கா யாரைக் கூப்பிடுறாங்களோ அவங்களுக்குத்தான் அன்னிக்கு வேலை. பூப்பறிக்கவும் அப்படித்தான். விடியறதுக்கு முன்னாடி மல்லிகைத் தோட்டத்துக்குப் போய், மொட்டு விரியறதுக்குள்ள பறிச்சுக் கொடுத்தா கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கூப்பிடுற அக்காவோடு சண்டை போட்டுக்கிட்டா ஒரு மாசம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால நல்லது கெட்டதுக்கு ஓடி நிற்பது, பிள்ளை பெத்த வீட்டுக்குப் போய் வெந்நீர் போட்டுக் கொடுப்பது, இதெல்லாம் வெறும் பாசம் மட்டும் இல்லை. நாளைக்குக் கூப்பிடணுமே என்கிற நினைப்பும் அதில் உண்டு. அத்தை இதை மறைக்காமல் சொன்னாங்க.

இது நல்ல ஏற்பாடு என்று நாம பெருமையாப் பேசுவோம். நானும் அப்படித்தான் எழுதலாம் என்று இருந்தேன். அப்போ அத்தை கேட்டாங்க: "திருப்பிக் கொடுக்க ஒண்ணும் இல்லாதவளுக்கு யாரு கொடுத்தா?"

யோசிச்சுப் பாருங்க. மாத்தாள் வேலைக்கு உடம்பில் தெம்பு வேணும். நோயாளியை யாரும் மாத்தாளுக்குச் சேர்க்கமாட்டாங்க. தாலி அறுத்து, கூடப் பிறந்தவங்க இல்லாமல் ஒத்தையா இருந்தவங்களுக்கு இரவல் வாங்கவும் வாசல் குறைவு. இரவல் தெருவுக்குள்ளதான் சுத்தும், காலனிக்குப் போகாது, காலனியிலிருந்து இங்கே வராது. அங்கேயும் அவங்களுக்குள்ள இதே மாதிரி ஒரு கணக்கு ஓடியிருக்கும். நாங்க அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மொய் நோட்டு

நம்ம பக்கத்து மொய் விருந்தை வெளியூர்க்காரங்க கேட்டா ஆச்சரியப்படுவாங்க. கல்யாணம், காதுகுத்துக்கு மொய் எழுதுவது எல்லா ஊரிலும் உண்டு. மொய்க்காகவே விருந்து வைப்பது பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி சுத்துவட்டாரத்துப் பழக்கம். ஆடியிலும் ஆவணியிலும் பந்தல் போட்டு, பத்து இருபது குடும்பம் செலவைப் பங்கு போட்டுக்கிட்டு, கறிச்சோறு ஆக்கி ஊரைக் கூப்பிடுவாங்க. சாப்பிட்டுட்டு வர்றவங்க எழுதுறவர் முன்னாடி வரிசையா நின்னு மொய் எழுதுவாங்க. ஒருத்தர் விருந்து வெச்சா மறுபடி வைக்க ஐந்து வருஷம் ஆகும். அதுக்குள்ள மத்தவங்க விருந்துக்கெல்லாம் போய், வாங்கினதைத் திருப்பிச் செஞ்சு, மேலே கொஞ்சம் புதுசாகவும் செஞ்சுட்டு வரணும். அந்தப் புதுசுதான் நமக்கு அடுத்த விருந்தில் திரும்பி வரும்.

பேங்க் பக்கமே போகாத குடும்பத்துக்கு இது பெரிய தொகை. வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. இதில் போர் போட்டவங்க, மகளைக் கட்டிக் கொடுத்தவங்க, பிள்ளையைச் சிங்கப்பூர் அனுப்பினவங்க நிறைய பேர். பிற்காலத்தில் பணம் எண்ண மெஷின் வைக்கிற அளவுக்கு விருந்து பெருத்துப்போனது நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அத்தை பெட்டியில் இருந்த மொய் நோட்டைப் புரட்டினேன். 1996 ஆடியில் எங்க மாமா விருந்து வெச்சிருக்கார். முதல் பாதியில் வந்த மொய். பின் பாதியில் அதுக்கப்புறம் மாமா ஊர் ஊராப் போய்ச் செஞ்ச மொய். நூத்துக்கும் மேல பேர். பக்கம் பக்கமாத் தேடினேன், ஒரு பொம்பளை பேர் இல்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அத்தை பூப்பறிச்ச கூலி, தென்னங்கீற்று முடைஞ்ச கூலி, பால் ஊத்தின காசு. மாமாவுக்குக் கொத்து வேலை. நாலு நாள் இருந்தா மூணு நாள் இருக்காது. "ஆடி மாசம் பொறந்தா என் தோட்டுல திருகாணி மட்டுந்தான் மிச்சம் இருக்கும்" என்று அத்தை சிரிச்சாங்க. தோடு அடகுக்குப் போயிடும், மொய் மாமா பேரில் எழுதப்படும்.

2001 பங்குனியில் மாமா தவறிட்டார். அந்த ஆடிதான் எங்க வீட்டு முறை. துக்க வருஷம், பொம்பளை பந்தலில் நிக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரருக்கு அப்போ பதினாறு வயசு. மாமாவோட உறவுக்காரர் ஒருத்தர் விருந்தை எடுத்து நடத்தினார். நோட்டை வாங்கிட்டுப் போனார், மொய் அவர் பேரில் விழுந்தது. அந்த ஐந்து வருஷத்தில் எங்க வீட்டிலிருந்து போன மொய் 38,000 ரூபாய். அத்தை கைக்கு வந்தது 10,000. திருடிட்டார் என்று சொல்ல முடியாது. பந்தல் செலவு, பழைய பாக்கி என்று கணக்குச் சொன்னார். வந்த மொய்யை இனி அவர்தானே திருப்பிச் செய்யணும் என்றும் சொன்னார். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அத்தை எதிர்த்துப் பேசக் காட்ட ஒன்றும் இல்லை, நோட்டில் அவங்க பேர் இல்லையே.

சீட்டும் சிறுவாடும்

அடுத்தது சீட்டு அட்டை. ஏலச்சீட்டு தெரியாத பெண் நம்ம கூட்டமைப்பில் இருக்கமாட்டாங்க. இருபது பேர், மாசம் 500 ரூபாய், இருபது மாசம். மாசா மாசம் 10,000 சேரும். அவசரமா வேணுங்கிறவங்க தள்ளிக் கேட்பாங்க. ஒருத்தர் 2,000 தள்ளி 8,000க்கு எடுத்தா, அந்த 2,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 100 ரூபாய் கழிவு. காசு வேண்டியவங்களுக்குக் காசு, பொறுத்திருக்கிறவங்களுக்கு லாபம். நல்ல கணக்கு. ஆனா நடத்துறவரோட நாணயத்தில்தான் எல்லாம் நிக்குது. சீட்டு நடத்தப் பதிவு செய்யணும் என்று 1982லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. நம்ம தெருச் சீட்டை யார் பதிவு செஞ்சாங்க? அத்தை போட்ட சீட்டில் பதினோராவது மாசத்தோடு அட்டையில் கையெழுத்து நின்னுபோச்சு. நடத்தினவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போயிட்டார். அத்தை இன்னும் அந்த அட்டையைத் தூக்கிப் போடலை.

இதுக்கு நடுவில் பொம்பளைங்க தனக்குன்னு வெச்சிருந்தது சிறுவாடு. அரிசிப் பானையில், சாமி படத்துக்குப் பின்னாடி, சேலை மடிப்பில். அதுக்கும் ஒரு நாள் வந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிச்சாங்க. மறுநாள் காலையில் எங்க தெருவில் பாதி வீட்டில் சண்டை. மாத்தணும்னா ஆம்பளைங்க கையில் கொடுக்கணும், கொடுத்தா "இவ்வளவு நாளா எங்கே வெச்சிருந்தே" என்ற கேள்வி. பல வருஷமாச் சேர்த்தது ஒரே நாளில் வெளியே வந்துடுச்சு. என்னுடையது 4,500 ரூபாய். இப்போ சிரிப்பா இருக்கு, அன்னிக்கு அழுதேன்.

கையெழுத்தும் சைக்கிளும்

இந்த இடத்தில் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1991இல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்குச்சு. அப்போ ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்த பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கத்துக்கிட்டாங்க. எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்கள் கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் போனாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதினது பிறகு பள்ளிப் பாடப் புத்தகத்திலும் வந்தது.

சைக்கிள் எதுக்கு இந்தக் கட்டுரையில் என்று கேட்பீங்க. வேலைக்கும் சந்தைக்கும் ஆம்பளைங்க ஏத்திக்கிட்டுப் போனால்தான் போகலாம், இல்லைன்னா எப்பவோ வர்ற பஸ்ஸுக்கு நிக்கணும் என்று இருந்தது அப்போதான் மாறுச்சு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வெச்ச சைக்கிளையே பெண்கள் வாங்கினாங்க. முன்னாடி பிள்ளையை உட்கார வைக்க அந்தப் பார் வசதியாவும் இருந்தது. எங்க அத்தை வாடகை சைக்கிளில் ரெண்டு தடவை வாய்க்காலில் விழுந்து எழுந்து கத்துக்கிட்டவங்க. அதுக்கப்புறம் கட்டின பூவைத் தானே கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்ப் போட்டாங்க. கூப்பிடுற அக்காவுக்காகக் காத்திருக்கிறது குறைஞ்சது.

அதே காலத்தில் குடுமியான்மலைப் பக்கம் காண்டிராக்டர்களுக்குக் கல் உடைச்சுக்கிட்டிருந்த பெண்கள் குழுவாச் சேர்ந்து, குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தாங்க. கல் உடைக்கிற வேலை அதேதான். ஆனா கணக்கு அவங்க கைக்கு வந்துடுச்சு.

குழு நோட்டு

நம்ம குழுக்கள் திடீர்னு ஒரு நாள் வானத்திலிருந்து விழுந்தது இல்லை. 1982இல் மத்திய அரசு கிராமப்புறப் பெண்கள் குழந்தைகள் முன்னேற்றத் திட்டம் கொண்டுவந்து, பத்துப் பதினைந்து பெண்களைக் குழுவாச் சேர்த்தது. அடுத்த வருஷம் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்குச்சு. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை பேங்கோடு இணைக்கிறதைச் சோதனையா ஆரம்பிச்சது. 1997இல் தமிழக அரசு மகளிர் திட்டம் என்று பேர் வெச்சு இதை மாநிலம் பூராவும் கொண்டுபோக ஆரம்பிச்சது. அந்த அலை எங்க தெருவுக்கு வந்தது 2002இல்.

அத்தைக்கு அப்போ மாமா போய் ஒரு வருஷம். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பெண் பன்னிரண்டு பேர் வேணும்னு கேட்டாங்க. முதலில் சேர்ந்தது யாருன்னு பார்த்தா, புருஷன் இல்லாதவங்க மூணு பேர், புருஷன் விட்டுட்டுப் போனவங்க ஒருத்தங்க, உடம்புக்கு முடியாமல் மாத்தாளுக்குக் கூப்பிடப்படாதவங்க ஒருத்தங்க. வசதியா இருந்தவங்க வேடிக்கை பார்த்தாங்க. யாருக்கு இரவல் கிடைக்கலையோ அவங்கதான் குழுவைக் கட்டினாங்க. இந்த ஒரு வரியை நம்ம மலரில் பெரிய எழுத்தில் போட்டாலும் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

மாசம் 30 ரூபாய் சேமிப்பு. முதல் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு பேர், வரிசையா. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் க/பெ என்று போட்டு புருஷன் பேர். ஆனா முதலில் இருப்பது அவங்க பேர். அத்தை தன் பேருக்கு நேரா அறிவொளியில் கத்துக்கிட்ட கையெழுத்தைப் போட்டிருக்காங்க. கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் கீழே இறங்கியிருக்கு.

ஏழாவது மாசம் அத்தைக்கு 1,000 ரூபாய் உள்கடன். நூத்துக்கு 2 ரூபாய் வட்டி. வெளியில் அப்போ நூத்துக்கு 5, அவசரத்துக்கு 10. அந்தக் காசில் ஒரு பெட்டை ஆடு. இந்த ஆட்டுக்குட்டியில் யாருக்கும் பாதி கிடையாது.

நான் 2009இல் இந்த வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷமே "நீ பத்தாவது படிச்சிருக்கே, நோட்டு நீ எழுது" என்று கொடுத்துட்டாங்க. எழுதும்போதுதான் ஒன்று புரிஞ்சது. குழுவோட விதிகள் பாதி பழைய விதிகள்தான். வாங்கினா கொஞ்சம் கூடுதலாத் திருப்பணும், யார் வீட்டில் அதிகக் கஷ்டமோ அவங்களுக்கு முதலில், சொன்ன நாளில் வரணும். பழைய அரைப்படி அரிசிக் கணக்குதான் இது. புதுசு என்னன்னா, எழுதி வெச்சது. எழுதினதால திருப்பிக் கொடுக்கச் சொந்தபந்தம் வேணும் என்கிற அவசியம் போச்சு.

2008இல் நூறு நாள் வேலை நம்ம மாவட்டத்துக்கும் வந்தது. வேலைக்குக் கூப்பிட ஒரு அக்கா தயவு வேண்டியதில்லை, அட்டையில் நம்ம பேர் இருந்தா போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பிறகு ஊராட்சி அளவில் கூட்டமைப்பு வந்தப்போ, தெருக் குழுவும் காலனிக் குழுவும் முதல் தடவை ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். முதல் கூட்டத்தில் டீ வந்தப்போ சிலர் வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து போனதையும் எழுதத்தான் வேணும். ஆறு மாசத்தில் அது மாறுச்சு. முழுசா மாறிடுச்சு என்று சொல்லமாட்டேன்.

கஜா வந்த வருஷம்

இனி எழுதப் போறது என் தப்பு.

2015க்கு மேல எங்க ஊருக்குத் தனியார் கடன் கம்பெனிகள் வந்தன. அவங்களும் குழு என்றுதான் சொன்னாங்க. சேமிப்பு கிடையாது, கூட்டம் கிடையாது, தீர்மானம் கிடையாது. அஞ்சு பத்துப் பேர் ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன். வாரா வாரம் தவணை. ஒருத்தர் கட்டலைன்னா எல்லாரும் சேர்ந்து கட்டணும், இல்லைன்னா ராத்திரி வரைக்கும் யாரும் எழுந்து போக முடியாது. நம்ம குழுவில் கடன் வர மாசக் கணக்கா ஆகும், அங்கே ஒரு வாரத்தில் வந்துடும். அதனால நானும் சேர்ந்தேன். நம்ம குழுவில் இருந்த ஒரு அக்காவும் சேர்ந்தாங்க. மாடு வாங்கினாங்க.

2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா புயல். நம்ம பக்கம் தென்னை விழுந்த விழுச்சியை யாரும் மறக்க முடியாது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பூந்தோட்டம் போச்சு, கீற்று முடையுற வேலை போச்சு. ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் சேர்ந்து கஷ்டம் வந்தா, பக்கத்து வீட்டில் கைமாத்து கேட்க முடியாது. நம்ம பழைய ஏற்பாட்டோட பெரிய பலவீனம் இதுதான். ஒரு வீட்டு அடுப்பு அணைஞ்சா இன்னொரு வீட்டு அடுப்பு உதவும். தெருவே அணைஞ்சா? அடுத்த ஆடியில் மொய் விருந்துகளும் இளைச்சுப் போச்சு. தென்னையில் வர்ற காசுதானே மொய்யா ஓடிக்கிட்டிருந்தது.

கொஞ்ச நாள் கழிச்சு கம்பெனி ஆள் தவணைக்கு வந்தார். அந்த அக்காவால் மூணு வாரம் கட்ட முடியலை. கம்பெனி ஆள் ஒன்றும் திட்டவில்லை. "நீங்களே பேசி வாங்கிக் கொடுங்க" என்று எங்களிடம் சொல்லிட்டு வண்டியில் உட்கார்ந்துக்கிட்டார். நாங்க நாலு பேர் அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நின்னோம். நான்தான் முதலில் பேசினேன். "உனக்காக நாங்க எவ்வளவு நாள் கட்டுறது, மாட்டை வித்துக் கட்டேன்" என்றேன். என் பிரசவத்துக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவங்க அவங்க.

ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலையில் வீடு பூட்டிக் கிடந்தது. மாட்டை உறவுக்காரங்க வீட்டில் கட்டிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் நோட்டில் அவங்க பேருக்கு நேரா "ஊரில் இல்லை" என்று எழுதினேன். பதினாறு மாசம் அதையே எழுதினேன்.

பக்கத்து வீட்டுக்காரங்க வாசலில் வந்து நிப்பாங்களே என்கிற பயம் நம்ம பாட்டி காலத்திலிருந்து இருக்கு. அந்தப் பயத்தால்தான் அரைப்படி அரிசி குவிச்சுத் திரும்பி வந்தது. அதே பயத்தை ஒரு கம்பெனி இலவசமா எடுத்துப் பயன்படுத்திக்கிட்டது. வசூல் வேலையை நான் சம்பளம் இல்லாமல் செஞ்சேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மூடிட்டாங்க. மே மாசம் அந்த அக்கா பிள்ளைகளோடு திரும்பி வந்தாங்க. தெருவில் யாரும் பேசலை. நோய்ப் பயமும் இருந்தது, பழைய மனஸ்தாபமும் இருந்தது. அன்னிக்குச் சாயங்காலம் எங்க அத்தை ஒரு படி அரிசியை முறத்தில் எடுத்துக்கிட்டுப் போய் அவங்க திண்ணையில் வெச்சுட்டு வந்தாங்க.

நான் நோட்டை எடுத்தேன். 2010 கடைசியில் சேர்ந்து எட்டு வருஷம், மாசம் 100 ரூபாய். சேமிப்பு 9,600, வட்டிப் பங்கு 1,600. அவங்க வாங்கின உள்கடன் பாக்கி 4,000. போக 7,200 ரூபாய் அவங்களுக்கு வரணும். ஊரை விட்டுப் போனவங்களுக்கு எதுக்குக் கொடுக்கணும் என்று ரெண்டு பேர் கேட்டாங்க. நான் நோட்டைக் காட்டினேன். அவங்க பேர் இருந்தது. தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். அத்தை மொய்ப் பணத்துக்கு 2001இல் நடந்தது இவங்களுக்கு நடக்கலை.

பணத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டாங்க. என்னிடம் பேசலை. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு பேச. இப்போ மறுபடி குழுவில் இருக்காங்க.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வார்த்தை

2023 செப்டம்பரிலிருந்து மாசம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை நம்மில் பலர் பேரில் வர ஆரம்பிச்சது. பேங்க் கணக்கு நம்ம பேரில். இதெல்லாம் சும்மா வந்தது இல்லை. பேர் இல்லாத நோட்டில் பணம் போட்டு ஏமாந்தவங்க, அதுக்கப்புறம் பேர் எழுதக் கத்துக்கிட்டவங்க, அவங்க நடந்த வழியில்தான் நாம வந்திருக்கோம்.

ஆனா இன்னிக்கு நிறையக் குழுவில் கூட்டம் நடக்கிறது குறைஞ்சுபோச்சு. கடன் வரும்போது மட்டும் கூடுறோம், வீடு வீடாக் கையெழுத்து வாங்கி நோட்டை முடிக்கிறோம். நானும் சில மாசம் அப்படி முடிச்சிருக்கேன். உட்கார்ந்து பேசாத குழுவுக்கும் அந்தக் கம்பெனிக் குழுவுக்கும் என்ன வித்தியாசம் என்று நாம கேட்டுக்கணும். யாருக்குக் கஷ்டம் என்று தெரியணும்னா உட்கார்ந்து பேசணும்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டு. ஒன்று, புயல், நோய் என்று எல்லா வீட்டுக்கும் சேர்ந்து கஷ்டம் வர்ற வருஷத்துக்காக ஒரு தனி நிதி வைக்கணும். ஒரு தெருவால் தாங்க முடியாததை ஒரு ஊராட்சி தாங்கும், ஒரு ஊராட்சியால் முடியாததைப் பல ஊராட்சி சேர்ந்தால் தாங்கும். அதுக்குத்தான் கூட்டமைப்பு. இன்னொன்று, தவணை கட்டாத பெண்ணின் வாசலுக்கு நம்ம உறுப்பினர் யாரும் கூட்டமாப் போய் நிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடணும். போறதுன்னா ஒருத்தங்க போகட்டும், என்ன கஷ்டம் என்று கேட்கப் போகட்டும்.

கட்டுரை முடிஞ்சதும் அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். மொய் நோட்டு பற்றி எழுதினதுக்கு ஒன்றும் சொல்லலை. சீட்டு அட்டையை மட்டும் எடுத்து, "இதை இனிமே வெச்சு என்ன பண்ண" என்று அடுப்பில் போட்டாங்க. தீர்மானப் புத்தகத்தைத் துடைச்சு மறுபடி பெட்டியில் வெச்சாங்க.